நாணயமும் மண்ணும்: உரோமர்க்கு முற்பட்ட பிரித்தானியாவின் கெல்த்திய நாணயங்களும் அவற்றைச் சேகரித்தோரும்

பண்டைய வரலாற்றை ஆராய்வோர்க்கு இலக்கியம், கல்வெட்டு, நாணயம், புதைபொருள் ஆகிய நான்கும் முதன்மைச் சான்றுகளாக அமையும் என்பர். இவற்றுள் முதலிரண்டும் கிடைக்காத ஒரு நாட்டில் நாணயம் பெறும் இடம் யாது என்பது சிந்திக்கற்பாலது. கி.பி. 43இல் உரோமப் பேரரசன் குளோடியசின் படைகள் வந்திறங்குவதற்கு முன்பிருந்த பிரித்தானியா அத்தகையதொரு நாடாகும். அந்நாட்டு மக்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதிவைத்த நூல் எதுவும் இல்லை. அவர்தம் அரசர் பொறித்த சாசனங்களும் இல்லை. அவர்களைப்பற்றிக் கிரேக்கரும் உரோமரும் எழுதியவை வெளியார் கூற்றுகள்; பெரும்பாலும் பகைவர் கூற்றுகள். அம்மக்கள் தாமே பொறித்து விட்டுச்சென்ற எழுத்தென்று கொள்ளத்தக்கவை, மிகச் சிலவற்றைத் தவிர, அவர்தம் நாணயங்களிற் காணப்படும் ஓரிரு சொற்களே.

இந்நாணயங்களைத் தேடிச் சேர்க்கும் வழக்கம் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவருகின்றது. இத்துறை ஆராய்ச்சியைத் தொடக்கிவைத்தோர் சேகரிப்பாளர். அதனை வளர்த்தோருட் பலரும் சேகரிப்பாளரே. ஆயின், அதே சேகரிப்பு வேட்கை காரணமாக மீளப்பெற முடியாதவாறு அழிந்துபோன சான்றுகளும் பல. ஒரு நாணயத்தின் பெறுமதி அதன் பொன்னிலும் அழகிலும் மட்டும் தங்கியிருப்பதன்று. அது எந்த மண்ணில், எவற்றோடு, எந்நிலையிற் கிடைத்தது என்ற செய்தியிலும் தங்கியிருப்பதாகும். இவ்வுண்மையைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பற்றி ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. இந்நாணயங்களைக் ‘கெல்த்திய நாணயங்கள்’ என வழங்குவது சேகரிப்பாளரிடை நெடுங்கால வழக்கு. ஆய்வாளர் பலர் இந்நாளில் ‘இரும்புக்கால நாணயங்கள்’ என்றே குறிப்பிடுவர். ஈண்டு முன்னைய வழக்கே பின்பற்றப்படுகின்றது.

1. தோற்றம்

கெல்த்தியப் பொன் நாணயத்தின் முன்மாதிரி கிரேக்க உலகைச் சேர்ந்தது. மக்கெடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு (கி.மு. 359–336) வெளியிட்ட ‘ஸ்டேற்றர்’ என்னும் பொற்காசு ஏறத்தாழ 8.6 கிராம் நிறையுடையது. அதன் முன்புறத்தில் இலைமுடி சூடிய அப்பொல்லோத் தெய்வத்தின் தலையும், பின்புறத்தில் இரு குதிரை பூட்டிய தேரும், தேரின்கீழ்ப் பிலிப்பின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. கிரேக்க அரசர்களின் படைகளிற் கூலிவீரராகப் பணியாற்றிய கெல்த்தியர் பெற்ற ஊதியத்தின் வழியாக இக்காசு ஐரோப்பாவின் உட்பகுதிகளை அடைந்ததென அறிஞர் கருதுவர். பின்னர், இன்றைய பிரான்சு நாட்டை உள்ளடக்கிய கோல் நிலப்பகுதியில் வாழ்ந்த குலங்கள் அதனைப் பார்த்துத் தாமே காசு அடிக்கத் தலைப்பட்டன.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில், வட கோலில் வாழ்ந்த பெல்கியக் குலங்களின் பொற்காசுகள் கடல் கடந்து தென்கிழக்குப் பிரித்தானியாவிற் புழங்கலாயின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் கென்ற் பகுதியில் வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தாலான வார்ப்புக் காசுகள் செய்யப்பட்டன. இவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தவை மசாலியா, அதாவது இன்றைய மார்சேய், என்னும் கிரேக்கக் குடியேற்ற நகரின் காசுகளாம். அப்பொல்லோவின் தலையும் முட்டப் பாயும் காளையும் அவற்றிலுள்ள உருவங்கள். பிரித்தானியாவிலே செய்யப்பட்ட முதற் காசுகள் இவையே என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது.

யூலியஸ் சீசரின் கோல் போர்க் காலத்தில் (கி.மு. 58–51) வேறொரு வகைப் பொற்காசு பெருந்தொகையாகப் பிரித்தானியாவை அடைந்தது. அது சொம் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த அம்பியானியர் வெளியிட்டது. ஒருபுறம் உருவமின்றி வெறுமையாகவும் மறுபுறம் குதிரை உருவத்துடனும் அமைந்தது. தாம் கோலிற் செய்த போர்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பகைவர்க்குப் பிரித்தானியாவிலிருந்து உதவி சென்றதெனச் சீசர் எழுதியுள்ளார். அவ்வுதவிக்கு ஈடாக வழங்கப்பட்ட பொன்னே இக்காசுகளாதல் கூடும் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

2. உருவ மாற்றமும் அதன் விளக்கமும்

பிலிப்பின் காசையும் பிரித்தானியாவின் எழுத்தில்லாக் காசையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்பது முதலில் விளங்காது. அப்பொல்லோவின் முகம் மறைந்துபோக, இலைமுடி மட்டும் பெருகி நாணயத்தின் குறுக்கே பட்டையாக ஓடும். கூந்தற் சுருள்கள் பிறைகளாக மாறும். தேரும் தேர்ப்பாகனும் சிதறிப் புள்ளிகளும் கோடுகளும் ஆகும். தேரின் உருளை மட்டும் தனித்து நிற்கும். இரு குதிரைகள் ஒன்றாகி, அதன் கால்கள் துண்டு துண்டாகப் பிரிந்து, வால் சில காசுகளில் மூன்றாகக் கிளைக்கும்.

இம்மாற்றத்தை நிரற்படுத்திக் காட்டியவர் யோன் எவன்ஸ் (1823–1908) என்பவராவர். கடதாசி உற்பத்தித் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர் ஓய்வு நேரங்களிற் பழங்காசுகளையும் கற்கருவிகளையும் சேகரித்தவர். 1850இல் வெளியான கட்டுரையொன்றில், எழுத்தில்லாக் காசுகளைப் பிலிப்பின் காசிலிருந்து படிப்படியாக விலகிச்செல்லும் ஒரு தொடராக அவர் அடுக்கிக்காட்டினார். உருவம் மூலத்திலிருந்து விலக விலக, நிறையும் குறைந்து செல்வதை அவர் கண்டார். பார்த்துச் செய்தவனைப் பார்த்து வேறொருவன் செய்ய, அவனைப் பார்த்து இன்னொருவன் செய்ய, ஒவ்வொரு படியிலும் சிறிதளவு மாற்றம் நிகழ்ந்திருக்கும் என்பது அவரது விளக்கம். 1875இல் நிகழ்த்திய சொற்பொழிவில் அவர் இம்மாற்றத்தை டார்வின் கூறிய இயற்கைத் தெரிவோடு ஒப்பிட்டார்.

பிற்காலத்தார் இவ்விளக்கத்தைத் திருத்தியுள்ளனர். மாற்றம் யாவும் பார்த்தெழுதுவோனின் பிழையால் விளைந்தவை என்பது பொருந்தாது. குதிரையும் உருளையும் பிறையும் கெல்த்தியர் தம் சமயத்திலும் கலையிலும் முன்னரே இடம்பெற்றவை. தமக்குப் பொருளற்றவற்றைக் கைவிட்டுப் பொருளுடையவற்றைப் பெருக்கினர் என்று கொள்வதே தகும். பிரெஞ்சு எழுத்தாளர் அந்திரே மல்றோ கலை பற்றி எழுதிய நூலொன்றில் இக்காசுகளை எடுத்துக்கொண்டு, இவை திறமைக் குறைவின் விளைவல்ல, வேறொரு கலை நோக்கின் வெளிப்பாடு என வாதிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும், நாணயத்தை அழகுப் பொருளாக மட்டும் நோக்காது, ஒன்றோடொன்று தொடர்புடைய தொகுதியாக நோக்கவேண்டும் என்று எவன்ஸ் வகுத்த நெறி இன்றும் நிலைபெற்றுள்ளது.

3. எழுத்துப் பொறித்த காசுகளும் அரச மரபுகளும்

கி.மு. முதலாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பிரித்தானியக் காசுகளில் இலத்தீன் எழுத்துகள் தோன்றுகின்றன. தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே முதலிற் காணப்படும் பெயர்களுள் ஒன்று ‘கொம்மியோஸ்’ என்பதாகும். சீசரால் அத்திறெபத்தியரின் அரசனாக்கப்பட்டு, அவர்தம் தூதனாகப் பிரித்தானியாவுக்குச் சென்று, பின்னர் கி.மு. 52இல் அவரையே எதிர்த்தெழுந்து, ஈற்றிற் பிரித்தானியாவுக்குத் தப்பிச்சென்ற கொம்மியோசே இவன் என்பர். அவன் மகனாதலும் கூடும் என்பாரும் உளர். அவனுக்குப் பின்வந்த திங்கொமாறுஸ், எப்பில்லுஸ், வெரிக்கா ஆகிய மூவரும் தத்தம் காசுகளிற் ‘கொம்மியோசின் மகன்’ என்று தம்மைக் குறித்துக்கொண்டனர்.

தேம்சுக்கு வடக்கே தஸ்கியோவானுஸ் என்னும் மன்னன் வெருலாமியத்திலிருந்து காசு வெளியிட்டான். அவன் பெயரைக் கிரேக்க நூலோ உரோம நூலோ எதுவும் கூறவில்லை. அவனுக்குப் பின் கமுலோதுனத்திலிருந்து, அதாவது இன்றைய கொல்செஸ்ரரிலிருந்து, ஆட்சி புரிந்த குனொபெலினுஸ் தன் காசிலே நெற்கதிர் போலத் தோன்றும் வாற்கோதுமைக் கதிரைப் பொறித்து, ‘தஸ்கியோவானுசின் மகன்’ எனத் தன்னைக் குறித்தான். உரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் ‘பிரித்தானியரின் அரசன்’ என்று கூறும் இம்மன்னனே பிற்காலத்தில் சேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தின் தலைவனானவன். அவன் தந்தை யார் என்பதை உலகுக்கு அறிவிப்பது காசு ஒன்றே. ஓர் அரச மரபு முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் சிறு பொன் வட்டங்களின் மேல் நிற்கின்றது எனலாம்.

இத்தகைய சான்று எத்துணை நுண்ணியது என்பதற்குத் திங்கொமாறுசின் பெயரே தக்க எடுத்துக்காட்டாகும். அவன் காசுகளில் ‘திங்க்’, ‘திங்கொம்’ என்றவாறு பெயரின் முற்பகுதி மட்டுமே காணப்பட்டது. அகஸ்துஸ் பேரரசன் தன் செயல்களைக் கூறும் பெருஞ்சாசனத்தில், தன்னிடம் அடைக்கலம் புகுந்த பிரித்தானிய அரசர் இருவரைக் குறிப்பிடுகின்றான். அங்காராவிலுள்ள கோயிற் சுவரிற் காணப்படும் அச்சாசனப் படியில் இரண்டாம் பெயரின் பிற்பகுதி சிதைந்துள்ளது. ஆகவே, அறிஞர் அதனைத் ‘திங்கொம்மியுஸ்’ என நிரப்பி வாசித்து வந்தனர். பாடநூல்களிலும் நாணய அட்டவணைகளிலும் அப்பெயரே நிலைபெற்றது. 1996இல் ஹாம்ஷயரின் ஓல்ற்றன் ஊரருகே 250க்கு மேற்பட்ட பொற்காசுகள் கொண்ட புதையல் கண்டெடுக்கப்பட்டது. அதிற் சில காசுகளிற் ‘திங்கொமாறுஸ்’ என்ற பெயர் முழுமையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ‘மாறுஸ்’ என்பது கெல்த்திய மொழியிற் பெருமை குறிக்கும் சொல்லாகும். நெடுங்காலம் அறிஞர் எழுதிவந்த பெயர் தவறென்பது அன்று தெளிவாயிற்று. அக்காசுகள் அறிவிக்கப்படாது விற்கப்பட்டு உருக்கப்பட்டிருப்பின் அம்மன்னன் தன் பெயரையே இழந்திருப்பான்.

கிழக்கே இக்கேனியரின் வெள்ளிக் காசொன்றின் வரலாறும் இத்தகையதே. அதிலுள்ள எழுத்துகளைப் பூதிக்கா அரசியின் கணவன் பிறசுதாகுசின் பெயராக முன்னர் வாசித்தனர். தேய்ந்த காசுகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தபின், அது ‘எசுப்பிறாஸ்துஸ்’ என்னும் பெயரென 2000ஆம் ஆண்டிற் புதிய வாசிப்பு வெளியிடப்பட்டது. அக்காசின் பின்புறத்தில் ‘எசிக்கோ செய்தான்’ என்ற தொடர் உள்ளது. ஒரு தனிக் காசைக்கொண்டு இத்திருத்தம் செய்திருக்க முடியாது. பல காசுகள் ஒருங்கே ஆராயப்பட்டமையாலேயே அது கைகூடிற்று.

4. சேகரிப்பாளர் ஆற்றிய பணி

வில்லியம் காம்டன் 1586இல் வெளியிட்ட ‘பிரித்தானியா’ என்னும் நூலின் பிந்திய பதிப்புகளில் இக்காசுகள் சிலவற்றின் படங்கள் இடம்பெற்றன. அன்று தொட்டு நிலவுடைமையாளரும் சமயகுருமாரும் மருத்துவரும் இவற்றைத் தம் பேழைகளிற் சேர்த்துவந்தனர். ஆயினும், முறையான நூல் வடிவம் தந்தவர் மேற்கூறிய எவன்ஸ் அவர்களே. அவர் 1864இல் வெளியிட்ட ‘பண்டைய பிரித்தானியரின் நாணயங்கள்’ என்னும் நூலும் 1890இல் வந்த அதன் பிற்சேர்க்கையும் இத்துறையின் அடித்தளமாகும். ஒவ்வொரு வகைக் காசும் எவ்வெவ்வூரில் அகப்பட்டது என்பதைத் தம்மால் இயன்றவரை அவர் குறித்துவைத்தார். காசின் அழகை வியந்தோர் பலர். அது கிடைத்த வயலைக் கேட்டறிந்தோர் சிலர். அச்சிலருள் எவன்ஸ் தலையாயவர்.

இருபதாம் நூற்றாண்டில், கடற்படை அதிகாரியாகவும் சேகரிப்பாளராகவும் விளங்கிய மக் என்பவர் 1953இல் வெளியிட்ட அட்டவணை பயன்மிக்கதாய் அமைந்தது. அரச சேவையில் இருந்துகொண்டே நாணய ஆராய்ச்சியில் ஈடுபட்ட டெறெக் அலன், 1944இல் அரச மரபுகள் பற்றியும் பின்னர் பிரித்தானியாவில் நாணயத்தின் தோற்றம் பற்றியும் எழுதிய ஆய்வுகள் எவன்சின் நெறியை விரிவுபடுத்தின. காசுகள் கோலிலிருந்து ஒருமுறையன்றிப் பலமுறை வெவ்வேறு வகையாக வந்தமையை அவர் வகைப்படுத்திக் காட்டினார்.

அலனும் தொல்பொருளியற் பேராசிரியர் செப்பட் பிறியரும் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘கெல்த்திய நாணயச் சுட்டி’ சேகரிப்பு வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பேணப்பட்ட இச்சுட்டியில், ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் அட்டை வீதம், அதன் ஒளிப்படமும் நிறையும் கிடைத்த இடமும் பதியப்பட்டன. நூதனசாலைகளில் உள்ளவை மட்டுமன்றித் தனியார் பேழைகளில் உள்ளவையும் வணிகரின் விலைப்பட்டியல்களில் வந்து மறைபவையும் அதில் இடம்பெற்றன. காசு யார் கையிலிருப்பினும் அதன் செய்தி அனைவர்க்கும் பொதுவாக வேண்டும் என்பதே இம்முயற்சியின் அடிப்படை. பல்லாயிரக்கணக்கான பதிவுகளைக் கொண்ட இச்சுட்டி பிற்காலத்தில் மின்வடிவாக்கப்பட்டது.

5. ஆராயும் முறை

ஒரு கெல்த்திய நாணயத்தை நோக்கி ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புவர்.

முதலாவது, உலோகமும் நிறையும் பற்றியது. பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றும் கலந்த கலவையிற் பொன்னின் பங்கு காலஞ் செல்லச்செல்லக் குறைக்கப்பட்டது. நிறையும் 6 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவிலிருந்து குனொபெலினுசின் காலத்தில் ஏறத்தாழ 5.4 கிராமாகக் குறைந்தது. செம்பின்மேற் பொன் பூசிய போலிக் காசுகள் அக்காலத்திலேயே செய்யப்பட்டமையும் இச்சோதனைகளால் தெரியவரும். பழைய குடியிருப்புகளிற் கிடைக்கும், குழிகள் நிரைநிரையாக அமைந்த சுடுமண் தட்டுகள், அளவாக உலோகம் நிரப்பி உருக்கி நாணயத்துக்கான உருண்டை செய்யப் பயன்பட்டவை எனப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுவர்.

இரண்டாவது, அச்சுப் பற்றியது. அடிக்கப்பட்ட ஒவ்வொரு காசும் இரு அச்சுகளின் பதிவைத் தாங்கியுள்ளது. கீழச்சும் மேலச்சும் ஒரே காலத்தில் தேய்வதில்லை. ஒன்று உடைந்தபின் மற்றது புதிய துணையுடன் பயன்படும். ஆகவே, அச்சில் தோன்றும் வெடிப்பும் தேய்வும் கொண்டு எக்காசு முந்தியது, எது பிந்தியது எனச் சங்கிலித் தொடராக நிரற்படுத்தலாம். பிரான்சில் மருத்துவராயிருந்து நாணய ஆய்வாளரான கொல்பேர் த போலியே, பிரித்தனிப் பகுதிக் குலங்களின் காசுகளை இம்முறையில் ஆராய்ந்து கெல்த்திய நாணயவியலுக்குப் புத்துயிர் அளித்தார்.

மூன்றாவது, கிடைத்த இடம் பற்றியது. எழுத்தில்லாக் காசு எக்குலத்தாருடையது என்பதை அறிய அஃது எங்கெங்கு அகப்பட்டது எனக் காட்டும் பரம்பற் படமே துணை. லிங்கன்ஷயரிலும் லெஸ்ரர்ஷயரிலும் செறிந்து கிடைப்பவை கொரியெல்தௌவியருடையவை எனவும், நோர்போக்கிற் செறிந்தவை இக்கேனியருடையவை எனவும், டோசெற்றிற் செறிந்தவை துறொத்திறிகருடையவை எனவும் வகுக்கப்பட்டமை இவ்வாறே. கோயிலிற் கிடைத்த காசு வழிபாட்டையும், குடியிருப்பிற் கிடைத்த காசு புழக்கத்தையும், பானையிலோ குடைவான தீக்கல்லினுள்ளோ மொத்தமாகக் கிடைத்தவை சேமிப்பையும் உணர்த்தக்கூடும். நோர்போக்கின் சினெற்றிசாமில் 1950இற் கிடைத்த பெரும் பொற்கழுத்தணியின் முனையிற் சிக்கியிருந்த ஒரு சிறு காசு, அவ்வணிகலன் புதைக்கப்பட்ட காலத்தைக் கணிக்க உதவியமை நன்கறியப்பட்டது.

முதல் இரு வினாக்களுக்கும் நாணயம் எப்பொழுதும் விடைகூறும். நூறு ஆண்டு கழித்து எடுத்து நிறுத்தாலும் நிறை அதேதான், அச்சும் அதேதான். மூன்றாம் வினாவுக்கோ அது தானாக விடைகூற மாட்டாது. மண்ணிலிருந்து எடுக்கும் அந்த ஒரு கணத்தில் அருகிருப்போர் குறித்துவைத்தாலன்றி அவ்விடை என்றென்றைக்கும் மறைந்துபோகும்.

6. வொன்பறோவில் நேர்ந்த இழப்பு

1849இற் பக்கிங்ஹாம்ஷயரின் வொடன் சேஸ் என்னுமிடத்தில் உழவின்போது பொற்காசுப் புதையலொன்று வெளிப்பட்டது. காசுகள் உடனே பலர் கைப்பட்டுச் சிதறின. அவை பலநூறு என்று மட்டுமே கூறமுடிகின்றது. சரியான தொகையில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. அக்காசு வகை இன்றும் அவ்வூர்ப் பெயராலேயே வழங்கப்பெறுகின்றது. ஆனால், அப்புதையலில் என்னென்ன காசுகள் ஒருங்கு கிடந்தன என்பதை முழுமையாக அறியும் வழி இல்லை. அக்காலத்தார் அறியாமையாற் செய்த பிழை என்று இதனை அமைதிகூறி விடலாம்.

சறே மாவட்டத்தின் வொன்பறோவில் நேர்ந்ததை அவ்வாறு அமைதிகூற முடியாது. உலோகங்காண் கருவிகள் பலர் கைக்கு எட்டிய காலம் அது. 1983 அளவில் அங்கு வயலொன்றிற் கெல்த்தியக் காசுகள் காணப்பட்டன. இடம் வெளியே தெரியவந்ததும், இரவு வேளைகளிற் கூட்டங் கூட்டமாக வந்தோர் அவ்வயலைக் கிண்டி ஆயிரக்கணக்கான பொன், வெள்ளிக் காசுகளை எடுத்துச்சென்றனர். சறே தொல்பொருளியற் கழகத்தார் 1985–86இல் அகழ்ந்தபோது உரோமர் காலக் கோயிலொன்றின் அத்திவாரமும், சங்கிலியும் சிறு உருளையும் கொண்டமைந்த பூசகரின் தலையணிகளும் வெளிப்பட்டன. காசுகள் பெரும்பாலும் தெய்வத்துக்குக் காணிக்கையாக இடப்பட்டவை என்பது அப்பொழுது புலனாயிற்று. ஆயின், அவை எக்குழியில், எம்மண்படையில், எவ்வரிசையில் இடப்பட்டன என்பதைக் கூறவல்ல மண் முழுவதும் புரட்டப்பட்டுவிட்டது. ஒரு பகுதிக் காசுகள் மீட்கப்பட்டுப் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தன. ஏனையவை பல நாட்டுச் சந்தைகளிற் கலந்து, பிறப்பிடம் கூறப்படாத காசுகளாக விற்பனையாயின.

அக்காலச் சட்டமும் இதனைத் தடுக்க வலியற்றதாயிருந்தது. பொன்னோ வெள்ளியோ புதையலென அரசுக்கு உரியதாக வேண்டுமாயின், புதைத்தவன் அதனை மீண்டும் எடுக்கும் எண்ணத்துடன் மறைத்தான் என்று நிறுவவேண்டும். காணிக்கை இட்டவன் மீண்டும் எடுக்க எண்ணுவானல்லன். ஆகவே, கோயிற் காசுகள் புதையலாகுமா என்ற ஐயம் 1990இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் எழுந்தது. இவ்விழப்பை முன்வைத்துத் தொல்பொருளியற் கழகத்தார் செய்த இடைவிடா முயற்சி 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டம் உருவாவதற்குப் பெருந்துணையாயிற்று.

7. ஹலற்றனும் ஜேர்சியும்

வொன்பறோவோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது லெஸ்ரர்ஷயரின் ஹலற்றன். அங்கு 2000ஆம் ஆண்டில் உள்ளூர் ஆர்வலர் குழுவொன்று வயல்களில் நடந்து பானையோடுகள் தேடுகையிற் காசுகள் தென்பட்டன. அவர்கள் தோண்டிச் செல்லாது உரியவர்க்கு அறிவித்தனர். இடத்தையும் மறைவாகக் காத்தனர். லெஸ்ரர் பல்கலைக்கழகத் தொல்பொருளியற் பிரிவினர் நடத்திய அகழ்வில் 5,000க்கு மேற்பட்ட காசுகள் வெளிப்பட்டன. பெரும்பாலானவை கொரியெல்தௌவியருடையவை.

காசுகளின் தொகையினும் அவற்றைச் சூழ்ந்திருந்த செய்தியே பெரிது. குன்றின் உச்சியில் அகழியொன்றும் அதன் வாயிலும் இருந்தன. காசுகள் வாயிலருகே வெவ்வேறு குழிகளில், வெவ்வேறு வேளைகளில் இடப்பட்டிருந்தன. அங்கு நாயொன்று புதைக்கப்பட்டிருந்தது. புறத்தே பன்றி எலும்புகள் குவிந்திருந்தன. விருந்துண்டதன் எச்சம் அவை. உரோமக் குதிரைவீரரின் வெள்ளிபூசிய தலைக்கவசமும் அங்கே கிடைத்தது. கூரையற்ற திறந்த வெளியில் மக்கள் கூடி, பலியிட்டு, விருந்துண்டு, தெய்வத்துக்குப் பொருள் படைத்தனர் என்ற செய்தியை, உரோமர் படையெடுப்பையொட்டிய அந்த ஆண்டுகளிலே வைத்து நாம் காணமுடிகின்றது. இத்தகையதொரு காட்சியை எந்த உரோம ஆசிரியரும் நமக்குத் தரவில்லை. வொன்பறோ வயலும் இதனையொத்த செய்தியைத் தாங்கியிருந்திருக்கும். அது நமக்குக் கிட்டாதுபோயிற்று.

ஜேர்சித் தீவில் 2012இல் நிகழ்ந்ததும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. உலோகங்காண் கருவியுடன் பல்லாண்டுகள் தேடிய இருவர் சில காசுகளைக் கண்டதும், கீழே பெருந்திரளொன்று இருப்பதை உணர்ந்து தோண்டுவதை நிறுத்தி அறிவித்தனர். ஏறத்தாழ 70,000 காசுகளும் பொன்னணிகளும் ஒட்டித் திரண்டிருந்த அக்கட்டி முழுமையாகத் தூக்கப்பட்டு, ஒவ்வொரு காசின் இடமும் அளந்து பதியப்பட்டுப் பிரிக்கப்பட்டது. அப்பணி 2017இலேயே நிறைவுற்றது. கண்டவர்கள் கைபொறுத்து நின்ற அச்சில வேளையே இவ்வாராய்ச்சி முழுவதையும் இயலச்செய்தது.

8. சட்டமும் சேகரிப்பாளர் கடமையும்

1997 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த புதையற் சட்டம், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில், 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ கிடைப்பின் அவை புதையலாகும் என விதிக்கின்றது. இழிந்த உலோகக் காசுகளாயின் பத்து வேண்டும். மறைத்தவன் எண்ணம் யாது என்ற வினா இங்கு எழுவதில்லை. நூதனசாலையொன்று அவற்றைப் பெறுமாயின், கண்டெடுத்தோர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் சந்தை விலைக்கேற்ற வெகுமதி வழங்கப்படும். அறிவிப்பதால் இழப்பில்லை என்ற நிலை இதனால் உண்டாயிற்று.

ஆயினும், தனியொரு காசு பொதுவாக இச்சட்டத்துள் அடங்குவதில்லை. அதனைக் கண்டவர் தாமே முன்வந்து பதிவுசெய்வதற்கென 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டமொன்று உண்டு. 2023இல் ஹாம்ஷயரிற் கிடைத்த ஒரு தனிப் பொற்காசு ‘எசுனெர்த்தோஸ்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. அதுவரை அறியப்படாத ஒரு தலைவனின் பெயரென அது கொள்ளப்பட்டது. தனிக் காசு ஒன்று வரலாற்றிற்கு ஒரு தலைவனை அளிக்கவல்லது என்பது இதனாற் பெறப்படும். அவ்வாறாயின், பதிவின்றிச் சந்தையை அடையும் ஒவ்வொரு காசோடும் எதனை இழக்கின்றோம் என்பதை நாம் கணக்கிடவே முடியாது.

ஆகவே, சேகரிப்பாளர் கடமை யாதெனின், காசை வாங்குமுன் அதன் வரலாற்றைக் கேட்டறிதல், அறிந்ததைக் காசோடு எழுதிவைத்தல், ஒளிப்படமும் நிறையும் ஆய்வாளர்க்குக் கிட்டச்செய்தல், பிறப்பிடம் மறைக்கப்பட்டதை விலக்குதல் என்பனவாம். பழைய பேழைகளிற் காசின்கீழ் வைக்கப்பட்டிருக்கும் சிறு காகிதத் துண்டு, மங்கிய மையில் ஓர் ஊர்ப்பெயரைத் தாங்கியிருக்குமாயின், அது காசின் விலையில் ஒரு பங்கைத் தானும் சுமப்பதாகும். அத்துண்டை எறிபவன் ஒரு சாசனத்தின் பாதியை எறிபவனாவான்.

சேகரிப்பாளரின்றி இத்துறை இல்லை என்பது எவன்சின் வாழ்வாலும் அலனின் முயற்சியாலும் விளங்கும். சேகரிப்பு வேட்கை கட்டற்றுச் செல்லின் இத்துறைக்கே பொருளில்லை என்பது வொன்பறோவால் விளங்கும். தம் பெயரைக் காசில் மட்டும் எழுதி மறைந்த அம்மக்களின் வரலாறு, அக்காசை முதலிற் கையிலெடுப்பவரின் நேர்மையையே நம்பியுள்ளது. அவர் அறிஞராயிருக்க வேண்டியதில்லை. எடுத்த இடத்தை மறவாது சொல்பவராயிருப்பின் அதுவே போதுமானதாகும்.